மூட்டில் தொடங்கி மூளையைத் தொடும் லூப்பஸ்

இருபது வயதுப் பெண் திடீரென்று தூக்கமின்றி உளறுகிறாள். காதில் யாரோ பேசுவதாகச் சொல்லி அழுகிறாள். சித்தியவான், ஆயர் தாவார் வட்டாரத் தோட்டத்துக் குடும்பங்களில் இதற்கு இரண்டு விளக்கங்களைத்தான் கேட்கலாம். ஒன்று காத்து கருப்பு. மற்றது தஞ்சோங் ரம்புத்தான். 1911-இல் அங்கே தொடங்கிய மனநல மருத்துவமனையால் அந்த ஊர்ப் பெயரே பேராக்கில் ஏச்சாகிவிட்டது. அந்த ஏச்சுக்கு அஞ்சியே வீட்டார் விஷயத்தை மூடி மறைக்கிறார்கள்.

மூன்றாவது காரணமும் இருக்கலாம். அவள் உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கிக்கொண்டிருக்கலாம்.

லூப்பஸ் அப்படிப்பட்ட நோய். அது கண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதினர். மூட்டு வலி, கன்னத்தில் சிவந்த தடிப்பு, வாய்ப்புண், முடி கொட்டுதல் என்று தொடங்கும். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியும். நரம்பையும் விடாது என்பது தெரிவதில்லை. இந்நோயில் வரும் நரம்பு, மனநலப் பாதிப்புகளை அமெரிக்க வாதநோய் மருத்துவர் கழகம் 1999-இல் 19 வகைகளாகப் பிரித்தது. வலிப்பு, பக்கவாதம், மனக்குழப்பம், மறதி எல்லாம் அதில் அடங்கும். சிலருக்கு மூளையில் அழற்சி. சிலருக்கு ரத்தம் உறைந்து குழாய் அடைப்பு.

லூப்பஸ் இல்லாமலும் எதிர்ப்புச் சக்தி மூளையைத் தாக்குவதுண்டு. 2007-இல் ஜோசப் டால்மாவ் குழுவினர் விவரித்த என்எம்டிஏ மூளையழற்சி முதலில் மனநோய் போலவே தெரியும். சில பெண்களுக்கு அதன் வேர் சினைப்பைக் கட்டியில் இருக்கும். கட்டியை அகற்றி, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தால் பெரும்பாலோர் தேறுகிறார்கள்.

ஆனால் மூட்டு வலிக்கு ஒரு கிளினிக், முடி கொட்டுவதற்கு எண்ணெய், வலிப்புக்குத் தாயத்து என்று அறிகுறிகள் சிதறிப்போனால் எந்த மருத்துவராலும் முழு நோயைப் பார்க்க முடியாது. எல்லாவற்றையும் ஒரே மருத்துவரிடம் சொல்லுங்கள். கிருமித் தொற்றா, மருந்தின் விளைவா, லூப்பஸா என்பதை ரத்தப் பரிசோதனை, முதுகுத் தண்டு நீர், எம்ஆர்ஐ எல்லாம் சேர்த்துப் பார்த்தே அவர் பிரித்தறிவார். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான்.

வலிப்பு வந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ நேரே ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். லூப்பஸ் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கோயில் வேண்டுதலைப் பிறகு நிறைவேற்றலாம். மூளைக்குக் காத்திருக்க நேரமில்லை.