வீடியோகான் நிறுவனத்தின் திவால் நடவடிக்கை

வீடியோகான் இண்டஸ்ட்ரீஸ் என்பது தொலைக்காட்சிப் பெட்டி, குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் முதலியவற்றைத் தயாரித்த இந்திய நிறுவனம். மகாராட்டிர மாநிலம் ஔரங்காபாத்தில் நந்தலால் மாதவ்லால் தூத் தொடங்கிய இத்தொழிலை, அவர் மகன் வேணுகோபால் தூத் நாடெங்கும் விரிவாக்கினார். 2018இல் இது திவால் நடவடிக்கைக்கு உள்ளானது.

வீழ்ச்சிக்கான காரணங்கள்

2005இல் வீடியோகான், பிரான்சின் தாம்சன் நிறுவனத்திடமிருந்து படக்குழாய் ஆலைகளை வாங்கியது. ஆனால் அப்போதே தட்டைத் திரையின் காலம் தொடங்கிவிட்டது. இந்தியச் சந்தையில் எல்.ஜி., சாம்சங் ஆகிய கொரிய நிறுவனங்கள் முந்தின. இந்நிலையிலும் எண்ணெய் வயல், அலைபேசிச் சேவை எனக் கடன் வாங்கி அகலக்கால் வைத்தது. 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்த 122 அலைபேசிச் சேவை உரிமங்களில் 21 இக்குழுமத்துக்கு உரியவை.

சட்டம் சொல்வது

கடனைத் தீர்க்க முடியாதவரை 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்' என்பது நம் வழக்கு. நிறுவனங்களுக்கு 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டம் பொருந்தும். தீர்ப்பாயம் மனுவை ஏற்றதும் இயக்குநர்களின் அதிகாரம் நிறுத்தப்பட்டு, தீர்வு அலுவலர் பொறுப்பேற்பார். கடன் வசூல் வழக்குகள் நிறுத்தி வைக்கப்படும். வங்கிகள் முதலான, நிதிக் கடன் கொடுத்தோர் குழு, நிறுவனத்தை வாங்க முன்வருவோரின் திட்டத்தை 66 விழுக்காடு வாக்குகளால் ஏற்கலாம்.

உதிரிபாகம் தந்தவர், சரக்கு ஏற்றியவர் ஆகியோருக்கும் நிலுவை உண்டு. ஆனால் பொதுவாக அக்குழுவில் வாக்கில்லை. ஆரணியில் ஒரு நெசவாளர், ஜவுளி நிறுவனம் ஒன்றுக்குக் கடனுக்குப் பட்டுப்புடவைகள் கொடுத்ததாகக் கொள்வோம். அந்நிறுவனம் நொடித்தால், புடவைக்கான பணத்தில் எவ்வளவு வரும் என்பதை முடிவு செய்வோர் வங்கியாளர்களே.

வழக்கின் போக்கு

பாரத ஸ்டேட் வங்கியின் மனுவை 2018 ஜூனில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் மும்பை அமர்வு ஏற்றது. 2019இல் 13 குழும நிறுவனங்களின் வழக்குகள் ஒன்றாக்கப்பட்டன. கோரப்பட்ட கடன் சுமார் 71,433 கோடி ரூபாய். வேதாந்தா குழுமத் தலைவர் அனில் அகர்வாலின் ட்வின் ஸ்டார் டெக்னாலஜிஸ் தர முன்வந்ததோ சுமார் 2,962 கோடி ரூபாய். அதாவது நூறு ரூபாய்க்கு ஏறத்தாழ நான்கு ரூபாய். பொருள் தந்தோரில் பெரும்பாலோருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை, 72 காசுதான். பங்குதாரர்களுக்கு எதுவுமே இல்லை.

2021 ஜூனில் இத்திட்டத்துக்கு ஒப்புதல் அளித்த தீர்ப்பாயமே, இதனால் சிறு தொழில் நிறுவனங்களும் நொடிக்கக்கூடும் என்று கவலை தெரிவித்தது. 2022 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒப்புதலை ரத்து செய்து, விவகாரத்தைக் கடன் கொடுத்தோர் குழுவுக்கே திருப்பி அனுப்பியது.

சிறு தொழிலாளர் அறிய வேண்டியது

குறு, சிறு தொழில் செய்வோரிடம் பொருள் வாங்குபவர் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். வாங்குபவர் நொடித்தபின் கிடைப்பது எவ்வளவு குறைவு என்பதற்கு வீடியோகான் சான்று. ஆகவே நிலுவையைக் காலத்தில் கேட்டுப் பெறுவதே பாதுகாப்பு.