வாட்ஸ்அப்பில் வந்த பத்திரிகையைத் திறக்கலாமா?



நம்ம பக்கம் வீட்டுக்கு வந்து வெத்தலை பாக்கோடு பத்திரிகை வெச்சாத்தான் அழைப்பு. ஆனாலும் இப்போது வெளியூர் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பிலேயே அனுப்பி விடுகிறார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. 2024 நவம்பரில் இமாச்சலப் பிரதேச போலீசார் ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள். கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஃபைலைத் திறந்தால் போனுக்குள் திருட்டு ஆப் புகுந்து விடுகிறது என்று. வண்டிக்கு ஃபைன், பாங்க் கே.ஒய்.சி., பி.எம். கிசான் என்ற பெயர்களிலும் இதே மாதிரி ஃபைல்கள் வந்திருக்கின்றன. எல்லாமே பார்த்த உடனே கை போகிற பெயர்கள்.

நிஜப் பத்திரிகை போட்டோவாகவோ பி.டி.எஃப். ஆகவோ, இல்லை வீடியோவாகவோ வரும். திருட்டு ஃபைலின் பெயர் ஏ.பி.கே. என்ற மூன்று இங்கிலீஷ் எழுத்தில் முடியும். அது ஆண்ட்ராய்டு போனில் ஆப் ஏற்றுவதற்கான கட்டு. பல ஃபைல்களை அமுக்கி ஒன்றாக்கும் ஜிப் ஃபைல் மாதிரியேதான் இதையும் செய்கிறார்கள். திருப்பூர் பனியன் வேஸ்ட் பேல் வாங்கிப் பிரித்த அக்காமாருக்கு இது நன்றாகப் புரியும். மேலே தெரிவது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று. பேலில் வரும் நஷ்டம் அந்த ஒரு பேலோடு போகும். இது அப்படிப் போகாது.

தொட்டதும் போனே ஒரு தடவை எச்சரிக்கும். தெரியாத இடத்து ஆப், ஏற்றலாமா என்று கேட்கும். இங்கிலீஷில் இருப்பதால் பலர் படிக்காமலே சரி என்று அமுக்கி விடுகிறார்கள். அடுத்து எஸ்.எம்.எஸ். பார்க்க அனுமதி கேட்கும். அதையும் கொடுத்து விட்டால் பாங்கிலிருந்து வரும் ஓ.டி.பி. நேராகத் திருடன் கைக்குப் போகிறது. "ஓ.டி.பி. யாருக்கும் சொல்லாதீங்க" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லி வருகிறோம். இதில் யாரும் கேட்கவே மாட்டார்கள், நாமும் சொல்லியிருக்க மாட்டோம், பணம் மட்டும் போயிருக்கும்.

"தெரிஞ்சவங்கதானே அனுப்பினாங்க" என்று நினைக்காதீர்கள். மாட்டிக்கொண்ட போனிலிருந்தே அடுத்தவர்களுக்கு அந்த ஃபைல் போவதும் உண்டு. அனுப்பிய சின்னம்மாவுக்கே விஷயம் தெரியாது. 2000 மே மாதம் உலகத்தையே ஆட்டிய 'ஐ லவ் யூ' வைரஸும் தெரிந்தவர்களின் ஈமெயில் வழியாகத்தான் பரவியது. சந்தேகம் இருந்தால் போன் போட்டு, "ஏனுங்க, நீங்கதான் அனுப்புனீங்களா?" என்று கேட்டு விடுங்கள்.

பிரதிநிதிகளும் பொருளாளர்களும் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். பல குழுக்களில் பாங்கில் பதிந்திருப்பது இவர்களுடைய நம்பர்தான். அந்த போனைப் பேரன் விளையாடக் கேட்டாலும் யோசித்துக் கொடுங்கள்.

கூட்டமைப்பு ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஜிப் ஃபைலாகவே வரும். கொப்பரை பில், எண்ணெய் ஆர்டர் என்று பெயர் இருக்கும், திறக்கும் பாஸ்வேர்டும் அதே மெயிலில் இருக்கும். பூட்டிய ஃபைலுக்குள் ஆன்டி வைரஸால் பார்க்க முடியாது, அதற்காகத்தான் பூட்டு. சாவியையும் சேர்த்து அனுப்புகிற பூட்டு எதற்கு என்று கேட்டுப் பாருங்கள்!

திறந்து விட்டீர்களா? முதலில் போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். வேறொரு போனிலிருந்து பாங்குக்குச் சொல்லி அக்கவுண்டை நிறுத்துங்கள். உடனே 1930-க்குப் பேசுங்கள். பணம் திருடனின் கணக்கிலிருந்து வெளியே எடுக்கப்படுவதற்குள் சொன்னால் அதை நிறுத்தி வைக்க வழி உண்டு. வீட்டுக்காரர் திட்டுவார், மாமியாருக்குத் தெரிஞ்சா அசிங்கம் என்று மறைப்பதில்தான் நேரம் போகிறது. ஏமாற்றியவன் வெட்கப்படாதபோது நீங்கள் ஏன் வெட்கப்பட வேண்டும்? குழுவில் முதலில் சொல்லுங்கள், ஊக்குநர் கூட வருவார். ஆப்பை மட்டும் அழித்து விட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம், சில ஆப்கள் படம் தெரியாமல் ஒளிந்து கொள்ளும். தேவையான போட்டோக்களை எடுத்து வைத்துக்கொண்டு போனை முழுக்க ரீசெட் செய்வதே நல்லது. குழு பாங்க் கணக்கு சம்பந்தப்பட்டிருந்தால் 1930-ல் கொடுக்கும் புகார் நம்பரை அன்றைக்கே தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.