சேறு அள்ளிய மாணவர்கள்

நம் சபையில் இன்று பல்கலைக்கழகம் போகிற தம்பி தங்கைகளுக்கு 2011-ஆம் ஆண்டு அவ்வளவாக நினைவிருக்காது. ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் அப்போது பிறக்கவே இல்லை. அந்த வருடம் பிப்ரவரி 22-ஆம் தேதி, மதியம் 12.51-க்கு, கிறிஸ்ட்சர்ச் நகரம் குலுங்கியது. 185 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் 115 பேர் சி.டி.வி. என்ற ஒரே கட்டடத்தில் இருந்தவர்கள்; ஆங்கிலம் படிப்பதற்காகத் தாய் தகப்பனை விட்டு இந்த நாட்டுக்கு வந்திருந்த பிள்ளைகள் பலர் அங்கேதான் இருந்தார்கள்.

தொலைக்காட்சியில் நாம் திரும்பத் திரும்பப் பார்த்தது நகரின் நடுவில் கோபுரம் சரிந்து நின்ற பேராலயத்தை. ஆனால் கிழக்குப் பக்கத்துக் குடியிருப்புகளில், ஏவன் ஆற்றை ஒட்டிய தெருக்களில், வேறொரு காரியம் நடந்தது. அந்தப் பகுதியின் அடிநிலம் நீர் ஊறிய மெல்லிய மணல். நிலம் வேகமாக அதிரும்போது மணல் துகள்கள் ஒன்றையொன்று தாங்கும் பிடியை இழந்து கஞ்சிபோல் ஆகிவிடும். நடுவில் அகப்பட்ட தண்ணீர் மணலையும் இழுத்துக்கொண்டு மேலே பீறிடும். இதை லிக்விஃபேக்‌ஷன் என்கிறார்கள். முற்றத்திலும் கார் நிறுத்தும் இடத்திலும், சில வீடுகளில் தரையைப் பிளந்துகொண்டு கூடத்துக்குள்ளும், சாம்பல் நிறச் சேறு முழங்கால் அளவுக்கு ஏறியது. சாக்கடைக் குழாய்கள் உடைந்ததால் அதில் கழிவுநீரும் கலந்திருந்தது. காய்ந்தால் தூசியாகப் பறக்கும். நகரம் முழுவதும் அள்ள வேண்டியிருந்தது லட்சக்கணக்கான டன்.

இதை யார் அள்ளுவது? தீயணைப்புப் படையும் மீட்புக் குழுக்களும் இடிபாடுகளில் உயிர் தேடிக்கொண்டிருந்தன. தெரு முனையில் தனியாக இருக்கும் எண்பது வயதுப் பாட்டியின் வாசற்படிச் சேறு யாருடைய பட்டியலிலும் முதலில் வராது.

அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே ஒரு ஒத்திகை நடந்துவிட்டது என்று சொல்லலாம். 2010 செப்டம்பர் 4-ஆம் தேதி அதிகாலையில் 7.1 அளவில் வந்த நிலநடுக்கம் எண்ணிக்கையில் பெரியது. ஆனால் அதன் மையம் நகரத்துக்கு வெளியே, மேற்கே இருந்தது. அப்போதும் சேறு பொங்கியது. கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த சாம் ஜான்சன் என்ற இளைஞர், சேறு அள்ள வாருங்கள் என்று ஃபேஸ்புக்கில் நண்பர்களை அழைத்தார். வந்தார்கள். ஸ்டூடன்ட் வாலன்டியர் ஆர்மி என்ற பெயர் அப்படித்தான் பிறந்தது. பிப்ரவரியில் பெரிய அழிவு வந்தபோது ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஷவலும் ஒற்றைச் சக்கர வண்டியுமாய் இறங்கினார்கள். விவசாயிகளும் தங்கள் டிராக்டர்களோடு வந்து சேர்ந்தார்கள்.

எண்ணிக்கை பெரியதுதான். ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. உதவி செய்யப் போய் உபத்திரவமாக நிற்கும் தன்னார்வலர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இவர்கள் இடிந்த கட்டடங்களுக்குள் ஏறி வீரம் காட்டப் போகவில்லை. அது பயிற்சி பெற்றவர்களின் வேலை. தங்களுக்கு இருப்பது இளம் தோளும் நேரமும் மட்டும் என்று அறிந்து, அந்த இரண்டுக்கும் ஏற்ற வேலையை எடுத்துக்கொண்டார்கள். குழுக்களாகப் பிரிந்து, தெருத் தெருவாகப் போய், முற்றத்துச் சேற்றைத் தெருவோரம் குவிப்பார்கள்; அங்கிருந்து இயந்திரங்கள் அள்ளி லாரியில் ஏற்றும். இதற்குப் பின்னால் பேருந்து, சாப்பாடு, கையுறை, முகமூடி, எந்தத் தெருவில் வேலை முடிந்தது என்ற கணக்கு என்று உட்கார்ந்து செய்கிற வேலை எவ்வளவோ இருந்தது. ஷவல் பிடிக்காமல் தொலைபேசி பிடித்துக்கொண்டிருந்தவர்களும் அந்தச் சேனையில் சேர்ந்தவர்களே.

நெகேமியாவின் மூன்றாம் அதிகாரத்தைப் பெயர்ப் பட்டியல் என்று தாண்டிவிடுகிறோம். மதில் கட்ட வந்தவர்களில் தட்டானும் தைலக்காரனும் உண்டு. ஒருவன் தன் குமாரத்திகளோடு வந்தான். பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பங்கைக் கட்டினார்கள். தெக்கோவா ஊர்ப் பெரிய மனிதர்கள் மட்டும் வேலைக்குத் தோள் கொடுக்கவில்லை என்று அவர்கள் குறையும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது! அடுத்த அதிகாரத்தில் சுமைகாரர் சோர்ந்துபோகக் காரணம் எதிரிகள் மட்டுமல்ல, குவிந்து கிடந்த மண்ணும்தான். சேறு அள்ளிப் பார்த்தவர்களுக்கு அந்த வசனம் சட்டென்று புரியும்.

மாணவர்களும் சோர்ந்துதான் போயிருப்பார்கள். ஜூன் 13-ஆம் தேதி மறுபடியும் நிலம் அதிர்ந்தது. சுத்தம் செய்த அதே முற்றங்களில் அதே சேறு. குளிர்காலம் வேறு. அவர்கள் மறுபடியும் போனார்கள்.

பத்தே நாளில் அரசாங்கம் ஒரு முடிவை அறிவித்தது. ஆற்றோரத் தெருக்கள் பலவற்றில் இனி வீடு கட்ட நிலம் தாங்காது. அந்த இடங்கள் சிவப்பு மண்டலம். பின்னர் சேர்க்கப்பட்டவற்றோடு ஏறக்குறைய 8,000 வீடுகள் அதில் வந்தன. அரசு அவற்றில் பெரும்பாலானவற்றை விலைக்கு வாங்கி இடித்தது. மாணவர்கள் முதுகு ஒடிய அள்ளிச் சுத்தமாக்கிய முற்றங்கள் பல இன்று இல்லை.

அப்படியானால் அந்த உழைப்பு வீண்தானா? வாலிபர் கூட்டத்தில் இதை ஒருநாள் பேசிப் பாருங்கள். என் பதில் இதுதான். அந்த மாதங்களில் அந்த வீட்டில் ஒருவர் வாழ்ந்துகொண்டிருந்தார். கதவு திறக்க வேண்டியிருந்தது, காரை வெளியே எடுக்க வேண்டியிருந்தது, பேரப்பிள்ளை தூசி இல்லாமல் மூச்சுவிட வேண்டியிருந்தது. முன்பின் தெரியாத இருபது வயதுப் பிள்ளைகள் வாசலில் நின்று, “எங்கே ஆரம்பிக்கலாம்?” என்று கேட்க வந்தது வீட்டுக்காக அல்ல, அவருக்காக.

அந்த அமைப்பு இன்றும் இருக்கிறது. 2020-இல் கொரோனா முடக்கத்தின்போது முதியோர் வீடுகளுக்கு மளிகைப் பொருட்கள் கொண்டுபோய்க் கொடுத்தது. 2023 பிப்ரவரியில் கேப்ரியல் புயல் ஹாக்ஸ் பே பகுதியில் வீடுகளையும் தோட்டங்களையும் வண்டலில் புதைத்தபோது, மறுபடியும் ஷவல்கள் தேவைப்பட்டன.

கிறிஸ்ட்சர்ச் போகிறவர்கள் நேரம் இருந்தால் ஏவன் ஆற்றோரமாகக் கிழக்கே நடந்து பாருங்கள். புல்வெளி நீண்டு கிடக்கும். வீடுகள் இல்லை, வேலிகள் இல்லை. ஆனால் யாரோ முற்றத்தில் நட்ட ஆப்பிள், பிளம் மரங்கள் இன்னும் அங்கங்கே நிற்கின்றன. காய்க்கும் காலத்தில் ஊர்க்காரர்கள் பை கொண்டுவந்து பறித்துப் போகிறார்கள்.