மருந்தோடு மருந்து சேரும்போது...

சூலக்கரையாயினும் சிவகாசியாயினும், முதியவர்கள் உள்ள இல்லங்களில் இரண்டு மூன்று வைத்தியர்கள் தந்த மாத்திரைகள் ஒரே டப்பாவில் கிடக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகுமா என எண்ணிப் பார்த்ததுண்டா?

மருந்துகள் பலவற்றைச் சிதைத்து வெளியேற்ற உதவுபவை கல்லீரலின் நொதிகள். காசநோய்க்குரிய ரிஃபாம்பிசின் அந்நொதிகளைப் பெருக்கிவிடும். அதனால், இரத்தம் உறையாதிருக்க உண்ணும் வார்ஃபரின் விரைவில் சிதைந்து பலன் குன்றும். வைத்தியர் அதன் அளவைக் கூட்ட நேரிடும். காசநோய் மருந்து முடிந்த பின்னரும் அக்கூடுதல் அளவே தொடர்ந்தால், இரத்தக்கசிவு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதற்கு அண்டை வீட்டார் சொல் ஆதாரமாகாது. 1960-இல் முதன்முதலாக வெளிவந்த இந்திய தேசிய மருந்துக் கையேட்டை இப்போது காஸியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் வெளியிடுகிறது. மருத்துவரும் மருந்தாளுநரும் பார்க்க வேண்டிய நூல் அது. நாம் செய்ய வேண்டியது, கருஞ்சீரக எண்ணெய் உட்பட உட்கொள்வன அனைத்தையும் ஒரே தாளில் எழுதி அவர்களிடம் காட்டுவதே. மருந்தால் பக்கவிளைவு தோன்றினால் ஆணையத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி 1800-180-3024-இல் தெரிவிக்கலாம்.

எம்மாத்திரையையும் தாமாகவே நிறுத்தவேண்டாம், கேட்டறிந்து உண்ணுங்கள்.