சுவாசக் குழாயை எடுப்பது எப்படி?

வென்டிலேட்டரில் இருப்பவரின் தொண்டைவழியே செல்லும் சுவாசக் குழாயைத் தேவைக்கு மேல் ஒரு நாள் வைத்திருந்தாலும் நிமோனியா வரும் வாய்ப்பு கூடும்; மூச்சிழுக்கும் உதரவிதானத் தசை வேலையில்லாமல் மெலியும். அவசரப்பட்டு எடுத்தாலோ மூச்சு திணறி, மறுபடி குழாய் போட வேண்டிவரும். எல்லாச் சோதனையிலும் தேறியவர்களிலேயே 100க்கு 10 முதல் 20 பேருக்கு இப்படி ஆகிறது. அவர்களிடையே இறப்பும் அதிகம். குழாயைப் போடுவதற்கு வேண்டிய திறமைக்குக் குறைந்ததல்ல, அதை எடுப்பதற்கு வேண்டிய திறமை.

முன்பெல்லாம் இயந்திரம் தரும் மூச்சுகளைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வருவார்கள். நாட்கள் கடந்துபோகும். நாளுக்கு ஒருமுறை நோயாளியைத் தானே மூச்சுவிட வைத்துப் பார்த்தால், அந்தப் பழைய முறையைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விரைவில் குழாயை எடுக்க முடிகிறது என்று 1995இல் ஸ்பெயின் மருத்துவர்கள் காட்டினார்கள். இரண்டு மணி நேரம் சோதிக்கவும் தேவையில்லை, 30 நிமிடமே போதும் என்று 1999இல் தெரிந்தது. இப்போதெல்லாம் காலையில் மயக்க மருந்தை நிறுத்திக் கண்விழிக்க வைத்துவிட்டு, இந்தச் சோதனையைச் செய்கிறார்கள்.

இதில் ஓர் எளிய கணக்கும் உண்டு. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை, ஒரு மூச்சில் எத்தனை லிட்டர் காற்று என்பதால் வகுக்க வேண்டும். 20 மூச்சு, 400 மில்லி என்றால் விடை 50, தாக்குப்பிடிப்பார். 36 மூச்சு, 240 மில்லி என்றால் 150. வேகமாகவும் மேலோட்டமாகவும் இரைக்கிறார், விரைவில் களைத்துவிடுவார். 105 என்பது எல்லைக்கோடு. ஆனால் எண்ணை மட்டும் நம்பக்கூடாது. பலமாக இருமுகிறாரா, சளி எவ்வளவு, சொன்னதைப் புரிந்துகொள்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். குரல்வளை வீங்கியிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால், குழாயைச் சுற்றியுள்ள பலூனின் காற்றை இறக்கிப் பார்ப்பார்கள். பக்கவாட்டில் காற்று கசியாவிட்டால் வீக்கம் இருக்கலாம். சில மணி நேரம் முன்பே ஸ்டீராய்டு கொடுத்துவிட்டுத்தான் மேற்கொண்டு யோசிப்பார்கள்.

இனி, குழாயை உருவும் அந்தச் சில நொடிகள். குரல் நாண்களுக்குக் கீழே மூச்சுக்குழாயை அடைத்துக்கொண்டு பலூன் நிற்கிறது. அடைபட்ட வடிகாலுக்கு மேல் மழைநீர் நிற்பதுபோல, அதன் தலைமேல் உமிழ்நீரும் சளியும் தேங்கியிருக்கும். பலூனைச் சுருக்கிய கணமே அவ்வளவும் நுரையீரலை நோக்கி இறங்கப் பார்க்கும்.

இதைத் தடுக்கப் பழைய வழி, குழாய்க்குள் மெல்லிய உறிஞ்சுகுழலை விட்டு, உறிஞ்சிக்கொண்டே இரண்டையும் சேர்த்து வெளியே இழுப்பது. இதில் ஒரு சிக்கல்: சளியோடு நுரையீரலின் காற்றும் ஆக்சிஜனும் போய்விடும், சிறு காற்றறைகள் சுருங்கவும் கூடும். இன்னொரு வழி இதற்கு நேர் எதிரானது. வாயையும் தொண்டையையும் முன்னதாகவே உறிஞ்சிச் சுத்தம் செய்துவிட்டு, வென்டிலேட்டராலோ கையால் அழுத்தும் காற்றுப்பையாலோ நுரையீரலைக் காற்றால் நிரப்புவார்கள். அது நிறைந்திருக்கும்போதே பலூனைச் சுருக்கிக் குழாயை எடுப்பார்கள். உள்ளிருக்கும் காற்று பீறிட்டு, தேங்கியதை மேலே வாய்க்குத் தள்ளிவிடும். எஞ்சியதை நோயாளி இருமி வெளியேற்றுவார். அர்ஜென்டினாவில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், இந்த அழுத்த முறை பழையதற்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது. தெளிவாக மேலானது என்று நிறுவப்படவில்லை. ஆனாலும் காற்றை உறிஞ்சி எடுப்பதைவிட நிரப்பி அனுப்புவதே உடலின் இயல்புக்கு ஒத்தது என்பது என் கருத்து.

குழாய் வெளியே வந்ததோடு வேலை முடிவதில்லை. முதியவர்களுக்கும் இதய, நுரையீரல் நோயாளிகளுக்கும் திணறல் வரும்வரை காத்திராமல், உடனே முகமூடிவழி அழுத்தக் காற்றையும் மூக்குவழி அதிவேக ஆக்சிஜனையும் மாற்றி மாற்றிக் கொடுத்தால், மறுபடி குழாய் போடும் தேவை குறைகிறது என்று 2019இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு காட்டியது.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். குரல் கரகரத்தால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும். ஆனால் நா வறண்டு தண்ணீர் கேட்கிறாரே என்று மனமிளகி ஒரு மிடறு கொடுத்துவிடாதீர்கள். நாட்கணக்கில் குழாய் இருந்த தொண்டைக்கு விழுங்கும் பக்குவம் திரும்பியிருக்காது. ஓர் இருமல்கூட வராமலே தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடலாம். விழுங்குகிறாரா என்று சோதித்துப் பார்த்துவிட்டுச் செவிலியர் சரி என்று சொன்ன பிறகே எதையும் வாயில் கொடுங்கள்.