பாலம் கடப்பதற்குள் 4000 பொறிகள்!

திருச்சியையும் திருவரங்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலம் சுமார் அரை கிலோமீட்டர் நீளம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் அதைக் கடக்க ஒரு நிமிடம் ஆகும். அப்போது எஞ்சின் 2000 முறை சுழல்வதாகக் கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரிலும் பொறி தேவை. நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்து 4000 பொறிகள்!

இப்பொறியைத் தருவது ஸ்பார்க் பிளக். அதன் முனையில் சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. 12 வோல்ட் பாட்டரியால் அதைத் தாண்ட முடியுமா? முடியாது. இக்னிஷன் காயிலின் முதன்மைச் சுருளில் மின்னோட்டம் சட்டென நிறுத்தப்படும்போது, துணைச் சுருளில் 10,000 வோல்ட்டுக்கு மேல் தூண்டப்படுகிறது. 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்தூண்டல்தான் இது.

பிளக்கின் முனை தேய்ந்தாலோ, ஒயரின் உறை வெடித்தாலோ பொறி தவறும். பெட்ரோல் எரியாமலே வெளியேறும், கார் உதறும்.

முதன்முறை இவற்றை மாற்றுபவர் எஞ்சின் நன்றாக ஆறிய பின்பே தொடங்க வேண்டும். நான்கு ஒயர்களையும் ஒருசேரக் கழற்றக்கூடாது. ஏன் தெரியுமா? பல எஞ்சின்களில் பொறி 1-3-4-2 என்ற வரிசையில் விழுகிறது. ஒயர் இடம் மாறினால் நேரம் தவறிவிடும். ஆகவே ஒன்றை மாற்றி முடித்த பின்பே அடுத்ததைத் தொட வேண்டும். புதிய பிளக்கை முதலில் கையாலேயே திருக வேண்டும். சாய்வாக வைத்து ஸ்பேனரால் முறுக்கினால் அலுமினியத் தலையின் மரை சிதைந்துவிடும்.

இன்றைய கார்கள் பலவற்றில் ஒவ்வொரு பிளக்கின் மேலேயே காயில் அமர்ந்திருப்பதால் இந்த ஒயர்களே இல்லை.

அடுத்த முறை ஒர்க்‌ஷாப்பில் கழற்றிய பிளக்கைக் கண்டால் அதன் முனையை உற்றுப் பாருங்கள். வெளிர் பழுப்பாக இருந்தால் எரிதல் சீராக நடந்திருக்கிறது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் முழுமையாக எரியவில்லை!