மருந்து இலவசம், மறைத்து வாழ்வதே சுமை: எச்.ஐ.வி. தொற்றுள்ளோருக்குச் சட்டம் கூறுவது என்ன?

நந்திதுர்க்: எச்.ஐ.வி. தொற்றுக்கான ஏ.ஆர்.டி. கூட்டு மருந்துச் சிகிச்சை, 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மையங்களில் இலவசமாக அளிக்கப்பட்டு வருகிறது. மருந்தை நாள்தோறும் தவறாமல் உட்கொண்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்த நிலை நீடிக்கும் வரை, உடலுறவு மூலம் பிறருக்குத் தொற்று பரவாது. ஆயினும், தொற்றை மறைத்து வாழ வேண்டியிருப்பதே பலருக்கும் பெரும் சுமையாக உள்ளது.

கோலார் தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. அதன்பின், நந்திதுர்க் உள்ளிட்ட தங்கவயல் பகுதியினர் ஏராளமானோர் நாள்தோறும் ரயிலில் பெங்களூரு சென்று பணிபுரிகின்றனர். இத்தகைய தொழிலாளிக்குத் தொற்று இருப்பின், மருந்து வாங்கச் செல்லும் நாளில் கூலியை இழக்க நேரிடும். விடுப்புக்குக் காரணமும் கூற வேண்டியிருக்கும். அடுத்தடுத்து அமைந்த லைன் வீடுகளில் மாத்திரைக் குப்பியை அண்டை வீட்டார் பார்வையில் படாமல் வைத்திருப்பதும் எளிதன்று.

எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017, கடந்த 2018 செப்டம்பர் 10-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, வேலை, கல்வி, மருத்துவம், வாடகை வீடு ஆகியவற்றில் தொற்றுள்ளோரிடம் பாகுபாடு காட்டக் கூடாது. வேலைக்கு முன்நிபந்தனையாக எச்.ஐ.வி. பரிசோதனையைக் கோரவும் கூடாது.

நீதிமன்ற உத்தரவு இருந்தாலன்றி, தமக்குத் தொற்று உள்ளதா என்பதைத் தெரிவிக்குமாறு எவரையும் கட்டாயப்படுத்த இயலாது. எனவே, விடுப்பு கோரும் தொழிலாளி அதனை மேலாளரிடம் கூற வேண்டியதில்லை.

சட்டம் மீறப்பட்டால், மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடம் புகார் அளிக்கலாம். அவர் 30 நாள்களுக்குள் உத்தரவு பிறப்பிக்க வேண்டும். ஆலோசனை பெற, 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.